பாக்கியைப் பரிசு என்று சொல்லாதீர்கள்

எமிலி ஸ்காரட் 2025 அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். உடனே வாழ்த்துக் கட்டுரைகள், காணொளித் தொகுப்புகள். பெரும்பாலானவற்றில் ஒரே கதைதான். பதினெட்டு வயதில் இங்கிலாந்துக்கு ரக்பி ஆடத் தொடங்கிய ஒரு பெண், பதினேழு வருஷம் கழித்து, 81,885 பேர் நிறைந்த ட்விக்கனம் மைதானத்தில் தன் அணி உலகக் கோப்பையைத் தூக்கிய கையோடு விடைபெறுகிறார். எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள்!

இந்தக் கதையில் தகவல் எதுவும் பொய்யில்லை. இருந்தும் எனக்கு இதன்மேல் கோபம் இருக்கிறது. கொடுக்கவேண்டிய சம்பளத்தை வருஷக்கணக்கில் கொடுக்காமல் இருந்து, நடுவில் கொஞ்சம் கொடுத்து, அதையும் பிடுங்கி, பிறகு திரும்பக் கொடுத்த ஒரு முதலாளி இந்தக் கதையில் எங்குமே வருவதில்லை. அவனுக்குப் பதிலாகக் 'காலம்' வருகிறது. காலம் மாறியது, காலம் கனிந்தது என்கிறார்கள். காலம் யாருக்கும் சம்பளம் போடாது. கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும்.

ரக்பி நம்மில் பலருக்கு முட்டை வடிவப் பந்து, சேறு, முரட்டு உடம்பு என்ற அளவில்தான் தெரியும். அதனால் ஸ்காரட் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990ல் பிறந்தவர், லெஸ்டர்ஷயரில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். ஐந்து வயதில் பந்தைத் தொட்டார். பதினாறு வயதில் கூடைப்பந்து ஆட அமெரிக்காவிலிருந்து உதவித்தொகை வாய்ப்பு வந்தது, போகவில்லை. 2008ல், பதினெட்டு வயதில் இங்கிலாந்து அணிக்குள் வந்தார். நடு ஆட்டக்காரராகவும் கடைசி வரிசைக் காவலாகவும் ஆடினார். அதோடு அணியின் உதைப்பாளர் அவர். எதிரணி தவறு செய்தாலோ தன் அணி ட்ரை போட்டாலோ, பந்தைத் தரையில் நிறுத்திக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது அவர் வேலை. அதுவரை முட்டி மோதிக்கொண்டிருந்த ஆட்டம் அந்த ஒரு நிமிஷம் நின்றுவிடும். மைதானம் மொத்தமும் ஒரே ஆளைப் பார்க்கும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் உடம்பை அடக்கி, காற்றைக் கணக்குப் போட்டு உதைக்கவேண்டும். 119 ஆட்டங்களில் 754 புள்ளிகள். இங்கிலாந்துப் பெண்கள் அணியில் இவ்வளவு எடுத்தவர் வேறு யாரும் இல்லை.

இந்த 754 எப்படிச் சேர்ந்தது என்று பார்த்தால்தான் அந்த முதலாளி கண்ணில் படுவான்.

2010 உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது. இறுதிப் போட்டியில் நியூசிலாந்திடம் 13-10 என்று இங்கிலாந்து தோற்றது. மூன்றே புள்ளி வித்தியாசம். இருபது வயது ஸ்காரட் அந்த அணியில் இருந்தார். அன்று ஆடிய இங்கிலாந்துப் பெண்கள் அடுத்து வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அந்தத் தலைமுறையில் அணித்தலைவி கேட்டி மக்லீன் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முன்வரிசையில் மோதிக்கொண்டிருந்த சோஃபி ஹெம்மிங் கால்நடை மருத்துவர். ஸ்காரட் ஒரு பள்ளியில் உடற்கல்வி உதவியாளராக இருந்தார். விடியற்காலையில் பயிற்சி, பகல் முழுக்க வேலை, சாயங்காலம் மறுபடி பயிற்சி, வாரக் கடைசியில் ஆட்டம். நாட்டுக்காக ஆடப் போக வேண்டுமென்றால் மேலதிகாரியிடம் லீவு கேட்கவேண்டும்.

நான்கு வருஷம் கழித்து, 2014 ஆகஸ்ட் 17, பாரீஸ். இறுதிப் போட்டியில் கனடாவை 21-9 என்று இங்கிலாந்து வென்றது. அந்த 21ல் 16 புள்ளிகள் ஸ்காரட்டுடையவை: மூன்று பெனால்ட்டி உதை, ஒரு கன்வெர்ஷன், கடைசிக் கட்டத்தில் ஆட்டத்தை முடித்துவைத்த ஒரு ட்ரை. தொடர் முழுக்க 70 புள்ளிகள் எடுத்து, அதிலும் அவர்தான் முதல். இருபது வருஷத்துக்குப் பிறகு கோப்பை இங்கிலாந்துக்கு வந்தது. அந்த வருஷம் பிபிசி அவர்களைச் சிறந்த அணியாகத் தேர்ந்தெடுத்தது.

கதைசொல்லிகளுக்கு மிகப் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. கோப்பையை வென்றார்கள், அதற்குப் பரிசாக இங்கிலாந்து ரக்பி யூனியன் இருபது பேருக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது, ஸ்காரட்டும் அதில் ஒருவர் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தங்கள் முக்கியமாக எந்த ஆட்டத்துக்கு? அவர்கள் கோப்பை வென்ற பதினைந்து பேர் ஆட்டத்துக்கு இல்லை. செவன்ஸ் என்கிற ஏழு பேர் ஆட்டத்துக்கு. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் செவன்ஸ் முதல்முறையாக வரப்போகிறது, தகுதி பெறவேண்டும், பதக்கம் வரலாம். ஸ்காரட் ரியோவில் பிரிட்டன் அணிக்குத் தலைமை தாங்கினார். வெண்கலப் போட்டியில் கனடாவிடம் தோற்று நான்காவது இடம். நன்றாக ஆடினார்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நூறு மீட்டரில் உலகத்தை ஜெயித்த ஒருவரிடம், "உனக்குச் சம்பளம் தருகிறோம், ஆனால் நீ இனிமேல் தடை ஓட்டம் ஓடவேண்டும்" என்று சொன்னால் அதைப் பரிசு என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்றும் உண்டு. மேகி அல்ஃபோன்சி. பிறக்கும்போதே ஒரு பாதம் வளைந்திருந்தது. லண்டனில் தாய் ஒருவராக வளர்த்த பெண். தன் காலத்தில் உலகின் மிகச் சிறந்த மோதல் ஆட்டக்காரர்களில் ஒருவர். 74 முறை இங்கிலாந்துக்கு ஆடி, 2014 கோப்பையோடு விடைபெற்றார். ஒப்பந்தங்கள் அடுத்த மாதம் தொடங்கின. அவர் எடுத்த வெற்றிகளின்மேல் நின்றுதான் அந்த ஒப்பந்தம் பேசப்பட்டது. அதில் ஒரு மாதச் சம்பளம்கூட அவர் ஆட்டத்துக்கு வரவில்லை. 'முன்னோடி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோமே, அது பெரும்பாலும் இப்படிச் சம்பளம் வராமல் போனவருக்கு நாம் கொடுக்கும் ரசீது.

இனி 2017. என் கோபத்தின் மையம் இந்த வருஷம்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உலகக் கோப்பை நெருங்கியபோது பதினைந்து பேர் அணிக்கும் ஒப்பந்தங்கள் வந்திருந்தன. நடப்புச் சாம்பியன்கள். ஆகஸ்டில் அயர்லாந்தில் உலகக் கோப்பை. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஏப்ரலில், செய்தி வெளியானது: உலகக் கோப்பை முடிந்ததும் இந்த ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படாது. அடுத்து காமன்வெல்த், செவன்ஸ் உலகக் கோப்பை இருப்பதால் பணம் மறுபடி ஏழு பேர் ஆட்டத்துக்குப் போகிறது. இது சுழற்சி முறை என்று விளக்கம் சொன்னார்கள். ஒரு சுற்று உங்களுக்கு, ஒரு சுற்று அவர்களுக்கு.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். 'ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது' என்ற வாக்கியத்தின் இலக்கணம் எனக்கு நன்றாகத் தெரியும். எழுவாய் இருக்காது. யாரும் யாரையும் வேலையைவிட்டு எடுக்கவில்லை, ஒப்பந்தம் தானாகவே முடிந்துபோகிறது, ஏதோ பால் பாக்கெட் தேதி முடிவதுபோல. ப்ராஜெக்ட் முடிந்ததும் ஆளை பெஞ்சில் போடுவார்கள், பிறகு பெஞ்சே இல்லை என்பார்கள். ஆனால் எங்கள் துறையில்கூட ப்ராஜெக்ட் டெலிவரி ஆகும்வரை வாயைத் திறக்கமாட்டார்கள். இங்கே உலகக் கோப்பைக்கு நாலு மாதம் முன்னாடியே சொல்லிவிட்டு, போய் நாட்டுக்காக ஜெயிச்சுட்டு வாங்க என்று அனுப்பினார்கள்.

ஆண்கள் ரக்பியில் இப்படி ஒரு 'சுழற்சி'யை யோசித்துப் பாருங்கள். ஆண்களுக்கும் செவன்ஸ் உண்டு, ஒலிம்பிக்ஸ் உண்டு. அதற்காக இங்கிலாந்து ஆண்கள் பதினைந்து பேர் அணிக்கு இரண்டு வருஷம் காசு கிடையாது என்று யாரும் சொன்னதில்லை. அவர்களில் ஒருவருக்கு ஒரே ஒரு ஆட்டத்துக்கு 20,000 பவுண்டுக்கு மேல் கிடைத்தது என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. சுழலுவது பெண்களின் காசு மட்டும்தான்.

பெல்ஃபாஸ்டில் 2017 ஆகஸ்ட் 26 அன்று இறுதிப் போட்டி. இடைவேளையில் இங்கிலாந்து 17-10 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் முன்வரிசை பந்தைக் கையைவிட்டு விடாமல் அடிமேல் அடி வைத்து முன்னேறியது. 41-32. பெண்கள் ரக்பியின் மிக நல்ல இறுதிப் போட்டிகளில் ஒன்று. ஜெயித்த நியூசிலாந்துப் பெண்களுக்கும் அப்போது முழுமையான சம்பள ஒப்பந்தம் இல்லை. அது அடுத்த வருஷம்தான் வந்தது. ஆக, அந்த மைதானத்தில் உலகின் மிகச் சிறந்த இரண்டு அணிகள். ஒன்றுக்கு இன்னும் வேலை கொடுக்கப்படவில்லை, இன்னொன்றுக்கு வேலை முடிந்துகொண்டிருந்தது.

அதே வருஷம் இங்கிலாந்தில் பெண்களுக்கான புதிய உயர்மட்ட லீக் தொடங்கியது. ஸ்காரட் பல ஆண்டுகள் ஆடிய லிச்ஃபீல்ட் கிளப்புக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. சர்வதேச வீராங்கனைகளை வரிசையாக வளர்த்து அனுப்பிய சின்ன ஊர்க் கிளப் அது. விண்ணப்பத்தில் கேட்கப்பட்ட வசதிகளும் கட்டமைப்பும் வேறு தரத்தில் இருந்தன. காசே கொடுக்காத காலத்தில் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள், காசு வரும் காலத்தில் தகுதியிழப்பது ரக்பிக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. ஆனால் இதை யாரும் 'எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்' கட்டுரையில் சேர்ப்பதில்லை.

ஸ்காரட் செவன்ஸ் பக்கம் போனார். 2018 காமன்வெல்த் வெண்கலம் வென்ற அணியில் இருந்தார். இதை அவருடைய பன்முகத் திறமை என்று எழுதுகிறார்கள். திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து பேர் ஆட்டத்தின் உலகச் சாம்பியன், தன் உச்ச வயதில், இருபத்தெட்டில், எந்த ஆட்டம் ஆடுவது என்பதை முடிவு செய்தது சம்பளம் எங்கே இருக்கிறது என்ற கேள்விதான். 2019 ஜனவரியில் 28 பேருக்குப் பதினைந்து பேர் ஆட்டத்துக்கான முழுநேர ஒப்பந்தம் வந்தது. ஸ்காரட் திரும்பி வந்தார். அதே வருஷம் உலகின் சிறந்த வீராங்கனை விருது அவருக்கு. இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவே 'விடாமுயற்சி' என்று ஒரு சொல்லைச் செருகுகிறார்கள். அவர் 2008லிருந்தே முயற்சியை விடவில்லையே. 2019ல் புதிதாக வந்தது சம்பளம்.

இங்கிலாந்து ரக்பி யூனியனுக்கும் சம்பளத்துக்கும் உள்ள பகை பழையது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கதை புரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்கள் பலர் சுரங்கத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். வேலை விட்ட நேரத்துக்கு மட்டும் ஈட்டுத்தொகை கொடுங்கள் என்று கேட்டார்கள். 1893ல் யூனியன் வாக்கெடுத்து மறுத்தது. மறுத்தவர்கள் காசில்லை என்று சொல்லவில்லை. காசு கேட்பதே கேவலம் என்றார்கள். ஆட்டத்தை ஆட்டத்துக்காகவே ஆடவேண்டுமாம். சனிக்கிழமை கூலி தேவைப்படாத கனவான்களுக்கு அது சுலபம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள் பிரிந்து போயின. இன்று ரக்பி லீக் என்று தனியாக ஒரு ஆட்டமே இருப்பதற்குக் காரணம் அந்தக் கூலிச் சண்டை.

மிச்சமிருந்த ரக்பி யூனியன், காசு வாங்காத தூய்மையை நூறு வருஷம் மதம் மாதிரிக் காப்பாற்றியது. 1995ல் ஆண்களுக்கு அந்த மதம் ஒரே அறிவிப்பில் கைவிடப்பட்டது. தொலைக்காட்சிப் பணம் கதவைத் தட்டியதும் தூய்மை பின்வாசல் வழியாகப் போய்விட்டது. ஆனால் முழுசாகப் போகவில்லை, பெண்கள் பக்கம் குடியேறியது. ஸ்காரட் முதல் ஆட்டம் ஆடியது அதற்குப் பதின்மூன்று வருஷம் கழித்து. பதினைந்து பேர் ஆட்டத்தில் அந்த 28 ஒப்பந்தங்கள் வந்தது இருபத்துநான்கு வருஷம் கழித்து. அதுவரை 'நேசத்துக்காக ஆடுகிறார்கள்' என்ற பாராட்டு பெண்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. இந்தப் பாராட்டை எங்கே கேட்டாலும் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது.

1991ல் முதல் பெண்கள் உலகக் கோப்பையை நடத்தியவர்கள் நான்கு பெண்கள். வேல்ஸில் கார்டிஃபைச் சுற்றி, பன்னிரண்டு அணிகளோடு. சர்வதேச ரக்பி வாரியத்தின் அங்கீகாரம் இல்லை. அணிகள் தங்கள் செலவைத் தாங்களே திரட்டின. சோவியத் அணியிடம் வெளிநாட்டுப் பணமே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த வோட்காவைத் தெருவில் விற்று ஓட்டலாம் என்று பார்த்தார்கள், சுங்க அதிகாரிகள் வந்துவிட்டார்கள். இறுதியில் இங்கிலாந்தை அமெரிக்கா 19-6 என்று வென்றது. இது உண்மையான உலகக் கோப்பைதான் என்று வாரியம் ஒப்புக்கொண்டது 2009ல். அந்த நால்வரில் ஒருவரான டெபோரா கிரிஃபின் 2025ல் அதே இங்கிலாந்து ரக்பி யூனியனின் முதல் பெண் தலைவரானார். நல்ல திருப்பம், சந்தோஷம்தான். பதினெட்டு வருஷம் ஒரு போட்டி நடந்ததையே ஒப்புக்கொள்ளாத அமைப்புகள், இன்று அதன் வரலாற்றைத் தங்கள் வரலாறாகச் சொல்லும் வசதியையும் சேர்த்தே கவனிக்கவேண்டும்.

சரி, எதிர்வாதத்துக்கு வருவோம். இதை எழுதினாலே கீழே ஒருவர் வருவார்: "பார்வையாளர் இல்லை, வருமானம் இல்லை, எப்படிச் சம்பளம்? சந்தைதானே தீர்மானிக்கும்?"

முட்டாள்தனமான கேள்வி என்று ஒதுக்கமாட்டேன். 2010 இறுதிப் போட்டிக்கு 13,253 பேர் வந்தார்கள். அன்று அதைப் பெரிய கூட்டம் என்றார்கள். ஆண்கள் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் சின்னக் கூட்டம்தான். ஆனால் கூட்டம் எப்படி வளர்ந்தது என்ற வரிசையைப் பாருங்கள். 2019ல் சம்பளம் வந்தது. அந்த வருஷம் ஜூலையில் நியூசிலாந்திடம் தோற்றதற்குப் பிறகு இங்கிலாந்து தொடர்ந்து 30 ஆட்டங்கள் ஜெயித்தது. 2022 நவம்பரில் ஆக்லாந்தில் உலகக் கோப்பை இறுதியில் 34-31 என்று தோற்றது. பதினெட்டாவது நிமிஷத்திலேயே ஒருவருக்குச் சிவப்பு அட்டை, பதினான்கு பேரோடு ஆடி மூன்று புள்ளியில் போனது. அதன் பிறகு 2025 இறுதிப் போட்டிவரை 33 ஆட்டங்கள் தொடர் வெற்றி. கூட்டிப் பாருங்கள், 64 ஆட்டத்தில் ஒரே ஒரு தோல்வி. 2023 ஏப்ரலில் ட்விக்கனத்தில் பிரான்ஸோடு ஆடியபோது 58,498 பேர். 2025ல் 81,885. தொடர் முழுவதற்கும் விற்ற டிக்கெட்டுகள் 4.4 லட்சத்துக்கு மேல்.

முதலில் சம்பளம், பிறகு ஆட்டத்தின் தரம், அதற்குப் பிறகு கூட்டம். இந்த வரிசை நம் விவசாயிகளுக்குத் தெரியும்: விதைத்தால்தான் விளையும். சந்தைக்காரர்கள் விளைச்சலைக் காட்டு, பிறகு விதை தருகிறேன் என்கிறார்கள். கோவிட், தொலைக்காட்சி நேரம், பெண்கள் கால்பந்தின் அலை, எல்லாமே கூட்டத்தில் பங்கு வகித்தன; சம்பளம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சம்பளம் இல்லாமல் மற்றதெல்லாம் வந்திருக்காது.

காசில்லை என்ற வாதத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2024ல் யூனியன் 3.79 கோடி பவுண்டு நஷ்டம் காட்டியது. ஊழியர்கள் பலர் வேலையிழந்தார்கள். அதே கணக்கு ஆண்டில் தலைமை நிர்வாகி பெற்ற சம்பளமும் போனஸும் சேர்ந்து 11 லட்சம் பவுண்டு. பெரிய கூச்சல் எழுந்தது. அந்த ஊக்கத்தொகைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று எனக்கு மறக்காது: கோவிட் காலத்தில் நிர்வாகிகள் சம்பளக் குறைப்பை ஏற்றுக்கொண்டார்களாம், அதை ஈடுகட்ட வேண்டுமாம். அப்படியானால் கொள்கை தெரிந்தே இருக்கிறது! குறைந்த சம்பளத்தில் உழைத்த காலத்துக்குப் பின்னால் ஈடு செய்யவேண்டும் என்ற நியாயம் அந்தக் கட்டடத்துக்குள் எல்லோருக்கும் தெரியும். 2008க்கும் 2014க்கும் நடுவே சம்பளமே இல்லாமல் ஆடியவர்களுக்கு அந்த நியாயத்தை எந்தக் கூட்டத்திலாவது யாராவது நீட்டிப் பார்த்தார்களா?

இதில் நம் பங்கும் இருக்கிறது. நம் என்றால், இந்த மாதிரிப் பக்கங்களை வாசிக்கிற, எழுதுகிற, ரீல்ஸ் பகிர்கிற நாம். விளையாட்டுப் பெண்களைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. வறுமை அல்லது வேலைப்பளு, விடியற்காலை ஓட்டம், ஒரு காயம், கண்ணீர், கோப்பை. எழுத்தாளர் எந்த அளவுக்கு நன்றாக எழுதுகிறாரோ அந்த அளவுக்கு அந்த விடியற்காலை ஓட்டம் அழகாகிவிடுகிறது. பனி, மங்கலான விளக்கு, தனியாக ஓடும் ஒரு பெண். அந்தப் பெண் ஏன் அஞ்சு மணிக்கு ஓடுகிறார்? எட்டரைக்கு வேலைக்குப் போகணும், அதனால் ஓடுகிறார். ஆண்கள் அணிக்காரர் அதே நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார். தூக்கமும் அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு பகுதி, தசை ஆற வேண்டும் அல்லவா. நாம் பனியைப் பற்றி நாலு பத்தி எழுதுகிறோம், எட்டரை மணியைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. இலக்கிய வாசகர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்குத் துயரத்தின்மேல் இருக்கிற ருசி, முதலாளிகளுக்கு ரொம்ப வசதி.

"சம்பளம் வந்ததும் அந்தப் பழைய உணர்வு போய்விட்டது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஸ்காரட்டின் கழுத்தைக் காட்டவேண்டும்.

2021ல் கால் எலும்பு முறிந்தது. அடுத்த வருஷம் திரும்பி வந்து உலகக் கோப்பை ஆடினார். 2023ல் கழுத்தில் அறுவைச் சிகிச்சை. அந்த வருஷம் முழுக்க ஆடவில்லை. ரக்பியில் கழுத்து என்பது சாதாரண இடமில்லை. ஒவ்வொரு மோதலும் அங்கேதான் வந்து சேரும். முப்பத்து மூன்று வயது. முழு ஒப்பந்தம் இல்லாத காலமாக இருந்தால் இந்த இடத்தில் கணக்கு வேறு. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எத்தனை வாரம் லீவு கிடைக்கும், பிசியோவுக்கு யார் காசு கொடுப்பது, மறுபடி கழுத்து போனால் பள்ளிக்கூட வேலை என்னாகும்? இந்தக் கேள்விகளுக்கு முன்னால் உணர்வு என்ன செய்யும்? 2024ல் அவர் இங்கிலாந்து அணிக்குத் திரும்பினார். 2025 ஆகஸ்ட் 22, சண்டர்லாந்து. அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தபோது, ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடிய முதல் இங்கிலாந்து வீராங்கனை ஆனார். அந்த ஐந்தாவது உலகக் கோப்பை நேசத்தால் மட்டும் வரவில்லை. மாதச் சம்பளத்தோடு குணமாகக் கிடைத்த நேரத்தால் வந்தது. அப்படிக் கிடைக்காமல் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் ஆட்டத்தை விட்டவர்களின் பட்டியலை யாரும் வைத்திருப்பதில்லை. பட்டியல் இல்லாததால் இழப்பும் இல்லாததுபோல் தெரிகிறது.

2023ல்தான் இங்கிலாந்து வீராங்கனைகளுக்கு மகப்பேறு விடுப்பு விதி வந்தது: 26 வாரம் முழுச் சம்பளத்தோடு. எங்கள் அலுவலகத்தில் இதெல்லாம் கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் யாரும் படிக்காமல் கிடக்கும் விஷயம். அங்கே தலைப்புச் செய்தி.

இதில் எதையும் ஸ்காரட்டின் வாயில் நான் திணிக்கவில்லை. அவர் தன் வாழ்க்கையை எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பது அவர் உரிமை. இப்போது பயிற்சியாளராக ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறார். இந்தக் கணக்கு நான் போடுவது. அவருடைய வாழ்க்கையை அமைப்பின் வெற்றிச் சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்களோடுதான் என் வழக்கு. அந்தச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் பின்னால் இருப்பது வரவு செலவு ஏடு. அதில் 2008 முதல் 2014 வரை ஒரு பாக்கி, 2017ல் ஒரு வெட்டு.

அந்த ஏடு மூடப்பட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் 2025 இறுதிப் போட்டியின் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கலாம். இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்றது. அந்தக் கனடா, அரையிறுதியில் நடப்புச் சாம்பியன் நியூசிலாந்தை 34-19 என்று பிரித்து மேய்ந்த அணி. உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம். அந்தத் தொடருக்குத் தயாராவதற்கான செலவில் ஒரு பகுதியைக் கனடா ரக்பி பொதுமக்களிடம் உண்டியல் குலுக்கித் திரட்டியது. பத்து லட்சம் கனடா டாலர் இலக்கு. ரசிகர்கள் ஐம்பதும் நூறுமாகப் போட்டார்கள். ஊடகங்கள் இதை எப்படி எழுதின என்று நான் சொல்லவேண்டியதில்லை. மக்கள் அணி, மனசைத் தொட்ட பயணம், பனி, மங்கலான விளக்கு.

அந்த அணியின் சோஃபி டி கூட் 2025ன் உலகச் சிறந்த வீராங்கனை. அவருடைய அம்மா ஸ்டெஃபனி ஒயிட், 1991ல் வேல்ஸுக்குப் போன கனடா அணியின் தலைவி. அம்மாவின் அணி தன் செலவைத் தானே திரட்டிக்கொண்டு போனது. மகளின் அணி முப்பத்து நான்கு வருஷம் கழித்து இணையத்தில் திரட்டியது. அடுத்த உலகக் கோப்பை 2029ல், ஆஸ்திரேலியாவில். டொரண்டோவிலோ வான்கூவரிலோ இப்போது பதினெட்டு வயதில் இருக்கும் ஒரு பெண், விமான டிக்கெட்டுக்கு யாரிடம் கேட்கவேண்டும் என்று இந்நேரம் யோசித்துக்கொண்டிருப்பாள்.